நெஸ்டாவுக்கு ஒரு மூக்கு

வாளியின் மூடியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெஸ்டா ரோலண்ட்ஸ் குளியலறைத் தரையில் மண்டியிட்டிருப்பாள். உள்ளே ஈஸ்ட் வேலை செய்தால் தகரத்தில் தூறல் விழுவதுபோல் மெல்லிய சடசடப்பு கேட்கும். கேட்டால், "ம், பொழப்பப் பாக்குது" என்று எழுந்துவிடுவாள். கேட்காவிட்டால் தன்னுடைய ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து வாளிக்குப் போர்த்துவாள். அன்று முழுக்க அவள் கோட்டில்லாமல்தான் வெளியே போவாள், பிப்ரவரி மாதக் குளிராக இருந்தாலும்.

ரொண்டா பள்ளத்தாக்கின் சரிவில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. காலையிலும் பிற்பகலிலும் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் முன் நின்று, வட்டப் பலகை பொருத்திய கோலை நீட்டி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை அக்கரை சேர்ப்பது வேலை. நடுவில் கிடைக்கும் பொழுதெல்லாம் பீர் காய்ச்சுவதற்கு. முளைகட்டிக் காயவைத்த பார்லி சமையலறை அடுப்பில் வெந்நீரில் ஊறும். வடித்துக் கொதிக்கவைத்த அண்டா குளியல் தொட்டியில் ஆறும். காய்ச்சும் நாளில் அந்த வீட்டில் யாரும் குளிக்க முடியாது. யாரும் என்பது அவள் ஒருத்திதான். கணவன் எம்ரிஸ் ஸ்வான்ஸியில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துப் பல வருடம் ஆகிறது. "அவன் போனப்புறம்தான் தொட்டி காலியாச்சு" என்பாள். அந்தக் குரலில் வருத்தமும் இருக்காது, கோபமும் இருக்காது.

பீரை அவள் விற்பதில்லை. தெருவுக்குக் கொடுப்பாள், பாட்டிலைக் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. கழுவாமல் தந்தவர்களுக்கு மறுபாட்டில் கிடையாது. பாதிரியாருக்குக்கூட ஒரு வருடமாய்க் கிடைக்கவில்லை. அண்டாவுக்குள் விடும் வெப்பமானி ஒன்று அவளிடம் உண்டு, ஆனால் அது மேஜை இழுப்பறையில்தான் கிடக்கும். "மூக்கு சொல்லிரும்" என்பாள். சொல்லியும் வந்தது. போன குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெங்காயத்தைக் கடித்தாலும் ஆப்பிளைக் கடித்தாலும் ஒரே மாதிரி, வெறும் நறநறப்பு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்தார். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. தங்கை மகள் லோவ்ரிக்கு மே மாதம் கல்யாணம். மாலை விருந்துக்கு இரண்டு பீப்பாய் பீர் தன் பொறுப்பு என்று ஊரறியச் சொல்லியிருந்தாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு தேநீரால். டிலிஸ் பாரி அவளுடைய பள்ளிக்காலத் தோழி. கம்பளி நூல் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு தவறாமல், குடியைப் பாவமென்று சொல்லும் சேப்பல் என்ற சிறு தேவாலயத்துக்குப் போகிறவள். மதுவை உதட்டில் படவிட்டதில்லை. யாருடைய மனதையும் புண்படுத்தியதும் இல்லை. வேகாத கேக்கை "நல்லாயிருக்கு" என்பாள், கோணலாய்ப் பின்னிய ஸ்வெட்டரை "நல்லாயிருக்கு" என்பாள். அன்று அவளுடைய கோப்பையின் அடியில் வெள்ளைத் திப்பிகள் ஒட்டியிருப்பதை நெஸ்டா பார்த்தாள்.

"பால் திரிஞ்சு போயிருக்கேடி. முழுசாவா குடிச்ச?"

"கொஞ்சம் புளிச்சுது. நல்லாத்தான் இருந்துது."

நெஸ்டா தன் கோப்பையைப் பார்த்தாள். அதுவும் காலி. டிலிஸும் அதைப் பார்த்தாள்.

"உனக்கு மூக்கு போயிருச்சா?" என்றாள் டிலிஸ்.

"காய்ச்சலோட போச்சு. வெளிய சொல்லாத." நெஸ்டா கோப்பைகளைப் பாத்திரத் தொட்டியில் போட்டாள். "உனக்கு மூக்கு இருக்கு, பொழுதும் இருக்கு. வெள்ளிக்கிழமை வா. பழைய உடுப்புப் போட்டுக்கிட்டு வா."

"நானா? பீரா? சேப்பல்ல தெரிஞ்சா?"

"குடிக்க வேணாம். மோந்து பாரு, வாயில வெச்சுப் பாரு, துப்பிரு. குடிக்கறதுதான் பாவம். துப்பறது பாவம்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

டிலிஸ் மனதுக்குள் பைபிளைப் புரட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கையுறையும் தொப்பியுமாக வந்து நின்றாள். இரண்டையும் கழற்றவைத்து, கையில் நீளக் கரண்டியைக் கொடுத்தாள் நெஸ்டா. பார்லி மீது வெந்நீர் விழுந்து ஆவி எழுந்ததும் டிலிஸின் முகம் மாறிவிட்டது. "அய்யோ, இது ஹார்லிக்ஸ்" என்றாள். சின்ன வயதில் படுக்கப்போகுமுன் அம்மா தந்ததாம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டியபோது நெடுநேரம் யோசித்துவிட்டு, "மழை விட்டப்புறம் வேலியோரமா நடந்தா வருமே, அது" என்றாள். நெஸ்டா கேட்டுக்கொண்டே நின்றாள். முப்பது வருடமாகக் காய்ச்சுகிறாள், வேலியோரம் அவளுக்குத் தோன்றியதில்லை.

வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவி மூடியான பிறகு டிலிஸ் தினமும் வர ஆரம்பித்தாள். முதல் நாள் விட்டுப்போன குடைக்காக. அடுத்த நாள் குடையை எடுத்தோமா என்று பார்ப்பதற்காக. மூன்றாம் நாள் காரணம் சொல்லாமல் நேராகக் குளியலறைக்குப் போய் மண்டியிட்டுக் காதை வைத்தாள். "பேசுதுடி" என்றாள்.

பாட்டிலில் அடைத்து, பதம் வந்த நாளில் முதல் கிளாஸை அவளிடம் நீட்டினாள் நெஸ்டா. டிலிஸ் மோந்தாள், வாயில் வைத்தாள், பாத்திரத் தொட்டியில் துப்பினாள்.

"நல்லாயிருக்கு."

மறுநாள் தபால்காரர் இட்வலுக்கு ஒரு பாட்டில் போனது. அடுத்த நாள் அவர் அதைக் கழுவித் திருப்பித் தந்தார், பாதி பீர் வேலியடிக்குப் போன சேதியோடு.

"கோவிச்சுக்காதீங்க நெஸ்டா. முட்டியில அடிபட்டா ஒட்டுவோமே பிளாஸ்திரி, அத நக்கின மாதிரி இருக்கு."

நெஸ்டா மஞ்சள் அங்கியோடு நேரே டிலிஸின் வீட்டுக்குப் போனாள்.

"உனக்கு அந்த வாசனை வந்துதா, இல்லையா?"

டிலிஸ் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். "லேசா."

"லேசான்னா?"

"மூடியத் தொறந்ததும் ஆஸ்பத்திரிக்குள்ள நொழஞ்ச மாதிரி இருந்துது."

"அப்புறம் எதுக்கு நல்லாயிருக்குன்ன?"

"அவ்வளவு பாடுபட்டிருக்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"எம்ரிஸக் கூட்டிட்டு வந்து காட்டினேனே, அப்பவும் இதே வார்த்தைதான். தங்கமான பையன்னு வேற சொன்ன."

டிலிஸ் தரையைப் பார்த்தாள். "அப்பவும் ஒரு வாசனை வந்துது" என்றாள் மெதுவாக.

நெஸ்டா திரும்பி நடந்தாள்.

அதன்பின் சில நாள் பேச்சில்லை. டிலிஸ் கடைக்குப் போக அந்தச் சாலையைத்தான் கடக்க வேண்டும். நெஸ்டா கோலை நீட்டி வண்டிகளை நிறுத்துவாள், டிலிஸ் கடப்பாள், இருவர் கண்ணும் இரண்டு திசையில் இருக்கும். அப்போதே சொல்லியிருக்கலாமே என்ற எரிச்சல் முதலில் நெஸ்டாவுக்குக் கொழுந்துவிட்டு எரிந்தது. பிறகு, சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்று யோசித்தாள். கேட்டிருக்க மாட்டாள். எம்ரிஸை விட்டிருக்க மாட்டாள், டிலிஸைத்தான் விட்டிருப்பாள். இது தெளிவாகத் தெரிந்ததும் கோபத்துக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போயிற்று.

கல்யாணத்துக்கு இன்னொரு முறை காய்ச்ச மட்டுமே நாள் இருந்தபோது, டிலிஸ் தானாகக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. கரண்டியை மோந்தாள், அண்டாவை மோந்தாள், ரப்பர் குழாயை எடுத்து நுனியை மூக்கருகே பிடித்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாளிகளுக்குள் தலையை நுழைத்தாள்.

"இதுதான். நீச்சல் குளம் வாசனை."

ப்ளீச். நெஸ்டா வருடக்கணக்காய் வாளியைக் கழுவுவது அதில்தான். முன்பெல்லாம் வாசனை போகிறவரை அலசுவாள். காய்ச்சலுக்குப் பிறகு கை ஓய்கிறவரை அலசினாள். இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தாள்.

இம்முறை டிலிஸ் மோந்து தலையாட்டும்வரை வாளிகள் அலசப்பட்டன. பீப்பாய்க்கு ஒன்றாக இரண்டு வாளியும் ஒரே நாளில், ஒரே அண்டாவிலிருந்து நிரம்பின. இரண்டிலும் தூறல் கேட்டது. அது ஓய்ந்ததும் வாளிக்கொன்றாக இரண்டு கிளாஸ் எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள் நெஸ்டா. டிலிஸ் இடது கிளாஸை மோந்தாள், கொப்பளித்தாள், துப்பினாள். தண்ணீரால் வாயைக் கழுவிக்கொண்டு வலது கிளாஸை எடுத்தாள். அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்கோடு நிறுத்திவிட்டாள்.

நெஸ்டா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எந்தச் சொல் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"அது பரவால்ல" என்றாள் டிலிஸ் இடது கிளாஸைக் காட்டி. வலது கிளாஸைத் தள்ளி வைத்தாள். "இது கெட்டுப்போச்சு நெஸ்டா. வினிகர். மூடி சரியா உக்காரல போலருக்கு. இத நீ கல்யாணத்துக்குக் கொண்டுபோகக் கூடாது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்." கழுத்தெல்லாம் சிவந்து நின்றாள், யாரோ அவளைத்தான் திட்டியதுபோல.

வாளிக்கு ஒரே கைப்பிடிதான். ஆளுக்குப் பாதி பிடித்துக்கொண்டு கொல்லைக்குத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். ஊரறியச் சொன்ன இரண்டு பீப்பாய் ஒன்றாகக் குறைந்தது. லோவ்ரியிடம் அதைச் சொல்ல நெஸ்டாவுக்கு ஒரு நாள் பிடித்தது. சொன்னபோது மூக்கு போன கதையையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை பீப்பாய் விருந்து நடக்கும் ரக்பி கிளப் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுமக்க உதவிய இட்வல் ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தார். யாரும் கேட்காமலே இரண்டாவது கிளாஸ் பிடித்தார்.

மறுநாள் காலை டிலிஸ் அழைத்துப்போக வந்தபோது நெஸ்டா வாசலில் தயாராக நின்றாள். கார்டிஃப் வரை போய் வாங்கிய புதுத் தொப்பி தலையில் இருந்தது. பச்சை நிறம், அகலமான விளிம்பு, பக்கவாட்டில் நீளமாய் ஓர் ஊதா இறகு.

"எப்படி இருக்கு?" என்றாள், கதவைப் பூட்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல்.

சாவியை எடுத்துவிட்டுத் திரும்பினாள். டிலிஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"வேணாம் நெஸ்டா" என்றாள்.

நெஸ்டா தொப்பி ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி டிலிஸின் உள்ளங்கையில் வைத்தாள், தொப்பியைக் கழற்றி வாசல் கம்பிக் கதவின் முனையில் மாட்டினாள், கலைந்த முடியை விரலால் கோதிக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்தாள்.