கலப்பரிசி மூட்டை

மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பது. வாவிப் பக்கமிருந்து காற்றே இல்லை, இப்போதே புழுக்கம். தவக்காலக் காணிக்கை உறையில் பணத்தை வைத்து ஒட்டினால் பசை பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் எதுவும் ஒழுங்காக ஒட்டுவதில்லை. இரவுச் சோற்றில் நாலு பருக்கை எடுத்து நசுக்கி ஒட்டினேன். விரலில் ஏறிய அந்தச் சோற்று வாசம் திரேசக்காவை நினைவுக்குக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில் காணிக்கை என்றால் பிடியரிசிதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கொண்டுவருவார்கள். நான் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியன். என் எண்ணும் வியாதியை அறிந்த பங்குச் சுவாமியார், அளக்கும் வேலையை என்னிடம் தந்தார். நாற்பத்திரண்டு வீடு, அளவுக் கொத்தால் அளந்தால் பதினொரு கொத்து அரிசி. சிவப்பு, சம்பா, பச்சை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினேன். அளவு சரியென்றால் எல்லாம் சரி என்று நினைத்த காலம்.

அந்த வாரத்து அரிசி, கணவனைக் கடலுக்குக் கொடுத்த திரேசக்காவுக்கு. ஞாயிறு காலை மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"இந்தாங்க மாஸ்டர், வேணாம்."

"ஏனக்கா, அளவு குறைஞ்சிட்டா?"

"அளவு கிடக்கட்டும். ஒண்டு குழையுது, ஒண்டு வேகாமக் கிடக்கு. பக்கத்து வீட்டுப் புள்ளைகள் பாத்துட்டு, கோயில் சோறு எண்டு பழிக்குதுகள். மூத்தவள் ரெண்டு நாளாத் தின்னுறாளில்ல."

அவர் வீட்டில் வேறு அரிசி கிடையாது. மிச்சம் ஒன்பது கொத்தையும் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் பஸ் ஏறினேன். அரிசிக்கடை முதலாளியை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, நாங்களும் காக்கா என்றுதான் அழைப்போம். சாக்கினுள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர், மட்டக்களப்பில உள்ள எல்லா வயல் வட்டையும் இதுக்குள்ள கிடக்கு."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"மாத்தித் தாங்க காக்கா. வித்தியாசத்த நான் தாறன்."

"என்ன வித்தியாசம்? எங்கட ஊட்டுல கஞ்சிக்குப் போட்டா எல்லாம் ஒண்டுதான்."

நல்ல சம்பாவாக அளந்து கொட்டினார்.

"காக்கா, பத்து விழுந்திட்டு. ஒண்டு கூட."

"நீங்க எண்ணாதீங்க மாஸ்டர்."

அடுத்த வெள்ளி கோயில் வாசலில் திரேசக்கா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "மூத்தவள் திண்டுட்டு மறுகாலும் சோறு கேட்டாள்." அதன்பிறகு உயிர்த்த ஞாயிறு வரை வாராவாரம் காக்காவின் கடையில் அரிசி மாறியது. யார் வீட்டுச் சோறும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்று பிடியரிசி எடுப்பவர் இல்லை. காக்கா மௌத்தாகி மண்ணுக்குப் போய் வெகுநாளாகிறது. அந்தக் கடையில் இப்போது கைபேசி விற்கிறார்கள். அன்று பஸ்ஸில் எனக்கு முப்பது சதம், மூட்டைக்கும் முப்பது சதம், திரும்பிவரவும் அதே. மொத்தச் செலவு ஒரு ரூபாய் இருபது சதம்; காக்காவின் அந்த ஒரு கொத்தை எண்ணவில்லை.