ஆவூர் வீட்டில் நான் அழுத்திய ஓகே

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்தது பில் புத்தகத்தில் மட்டும்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். டிஷ் மாட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரில் சொல்லச் சொன்னால் நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. எழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோபத்துக்குக் கேட்க மாட்டேன்.

1. எண்ணிக்கையால் கற்ற வேலை

என் பெயர் செல்வராசு. ஊர் கறம்பக்குடிக்குப் பக்கம். முதலில் கேபிள் வயர் இழுத்தேன். பிறகு புதுக்கோட்டையில் ஒரு டிடிஎச் கடையில் சேர்ந்து டிஷ் மாட்டினேன். இருபது வருடம் ஆகிறது. கஜா புயலுக்குப் பிறகு தென்னந்தோப்புக்குள் கிடந்த டிஷ்களைப் பொறுக்கி வந்து நிமிர்த்தி மாட்டியவன். சிக்னல் மீட்டர் இல்லாமலேயே கையால் திருப்பிச் சிக்னல் பிடிப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் பெட்டியின் மெனு முழுக்க இங்கிலீஷ். எனக்கு அது வாசிக்க வராது. அதனால் ரிமோட்டில் எதை எத்தனை தடவை அழுத்துவது என்று எண்ணி வைத்திருந்தேன். கீழே மூன்று, வலது ஒன்று, ஓகே. பச்சைப் பட்டன், கீழே இரண்டு, ஓகே. இப்படித்தான் ஆயிரம் வீட்டுக்குப் பெட்டி ஓட விட்டிருக்கிறேன். கம்பெனியில் இருந்து பயிற்சி கொடுக்க வந்தவரும் இங்கிலீஷிலேயே படம் காட்டினார். "டவுட் இருக்கா?" என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டீ, பிஸ்கட் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். தமிழ்நாடு முழுக்க விற்கிற பெட்டியில் நாலு வரி தமிழ் போட அவர்களுக்கு என்ன கேடு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடையில் ஆள் இருந்தால் என்னை 'அண்ணே' என்பார். ஆள் இல்லாவிட்டால் 'யோவ்'.

2. இரண்டு பெட்டி

ஒரு திங்கட்கிழமை ஆவூரில் இருந்து ஆரோக்கியசாமி என்பவர் வந்தார். குவைத்தில் வேலை பார்த்து, முதுகு வலியோடு ஊர் திரும்பியவர். உட்காரும்போதே சிரிக்க வைத்தார்.

"தம்பி, வீட்ல இருக்கிறது ஒரே ஹாலு. ஆறரை ஆச்சுன்னா எனக்கு சீரியல் ஓடணும். அந்த நேரந்தான் மகளுக்குப் படிக்கிற நேரம். நேத்து ரிமோட்ட எடுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டா."

"எத்தன சீரியல்ணே?" என்றார் முதலாளி.

"மூணு. பத்து நாள் பாக்காட்டியும் கதை நகராது. ஆனாலும் மனசு கேக்கல."

மகள் பெயர் சகாயமேரி. அரசு வேலைக்கான குரூப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பகலில் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி கோச்சிங் வகுப்புக்கு வந்துவிடுவாள். சாயங்கால சீரியலைப் பதிவு செய்து வைத்தால், மறுநாள் பகலில் அவர் பார்த்துக்கொள்ளலாம், சாயங்காலம் ஹால் அவளுக்கு. அதற்குத்தான் ரெக்கார்டர் பெட்டி கேட்டு வந்திருந்தார். பெற்ற பிள்ளை படிக்கட்டும் என்று சீரியலை ஒத்திப் போட வந்த மனிதர்.

எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். அது ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டால் நாலு நாளில் வரும். மற்றதில் பின்பக்கம் யுஎஸ்பி ஓட்டை மட்டும்தான். டிஸ்க்கை நாம் வாங்கிச் சொருக வேண்டும். அதில் பதிவாவது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டி கெட்டால் பதிவும் போச்சு. இந்த இரண்டாவது வகை கடையில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் தேங்கிக் கிடந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தம்பி. மாட்டுறவருக்குத்தானே தெரியும். எது நல்லது?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணுதான்ணே. அதுல டிஸ்க்கு உள்ள இருக்கு, இதுல வெளிய இருக்கு. அம்புட்டுத்தான்."

"டிஸ்க்குக்கு நான் எங்கிட்டுப் போறது?"

"எந்த டிஸ்க்கா இருந்தாலும் ஆகும்ணே. வீட்ல சும்மா கெடக்கும்ல, அதச் சொருகுனாப் போதும்."

"கெடக்கு. குவைத்துலருந்து வரும்போது வாங்கியாந்தது." மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, இது போதும்ங்கிறீங்களா?"

என் கையில் கேபிள் முனையில் மாட்டுகிற கனெக்டர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "நல்ல பெட்டிதாண்ணே" என்றேன். என் முதல் தப்பு அதுதான். பெட்டியைத் தேர்ந்தெடுக்க வந்த மனிதர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நான் முதலாளி பக்கம் நின்றேன்.

3. ரெடியாகுதுண்ணே

மறுநாள் பகலில் ஆவூர் போனேன். பழைய டிஷ் நன்றாகத்தான் இருந்தது. பெட்டியை மட்டும் மாற்றினேன். அவர் உள்ளே போய்க் கறுப்பு நிற ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"மக மேசையில கெடந்துச்சு தம்பி. இதான் குவைத்து டிஸ்க்கு."

மகள் மேசையில் ஏன் கிடக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதுவரை நான் சொருகியதெல்லாம் கடையில் விற்ற புது டிஸ்க். காலி டிஸ்க். சொருகியதும் திரையில் ஒரு மஞ்சள் முக்கோணமும் இரண்டு வரி இங்கிலீஷும் வரும். கீழே இரண்டு பட்டன். வலது பக்கம் தள்ளி ஓகே அழுத்தினால் வேலை நடக்கும். அன்றைக்கும் முக்கோணம் வந்தது. வலது பக்கம் தள்ளினேன். ஓகே அழுத்தினேன்.

திரையில் ஒரு நீலக் கோடு ஓடியது.

"இது என்ன தம்பி ஓடுது?"

"ரெடியாகுதுண்ணே."

மூன்று சீரியலுக்கும் நேரம் வைத்துக் கொடுத்தேன். தினமும் ஆறரைக்குத் தானாகப் பதிவாக ஆரம்பிக்கும். செய்தியை ஒரு நிமிடம் பதிவு செய்து, பின்னால் ஓட்டிக் காட்டினேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி, "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்றார். வெயிலில் அவ்வளவு தூரம் வந்ததற்கு மோர் கொடுத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

4. ஐந்து மணி முதல் ஆறரை வரை

நாலரைக்குக் கடைக்கு போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ஆவூர் ஆரோக்கியசாமி மக பேசுறேன். எங்க டிஸ்க்கு லேப்டாப்புல காலின்னு காட்டுது. அதுல இருந்ததெல்லாம் எங்க?"

"என்னம்மா இருந்துச்சு?"

"ஒரு வருச கிளாஸு. அம்புட்டும் வீடியோ. ஆன்லைன்ல காசு கட்டி எறக்கி வச்சது. கோர்ஸ் முடிஞ்சுருச்சு, திரும்ப எறக்க விடமாட்டாங்க. இன்னும் நாப்பது நாள்ல பரீட்சை இருக்குண்ணே."

முதலாளி என்னைப் பார்த்தார். பகலில் ஓடிய நீலக் கோடு என்னவென்று அப்போதுதான் உறைத்தது, ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படிப் புரிந்த பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"குடுக்கும்போதே காலியாத்தாம்மா இருந்துச்சுன்னு நம்ம ஆளு சொல்றாரு. ஒங்க அப்பாதான எடுத்துக் குடுத்தாரு? அவரக் கேளு. இல்லாட்டி ஒண்ணு பண்ணு, டிஸ்க்கத் திரும்ப நம்ம பெட்டியிலயே சொருகி வையி. நாளைக்குள்ள தானா வந்தாலும் வந்துரும்."

போன் வைப்பதற்கு முன் அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"அப்பா, இத என்ன பண்ணீங்க?"

"நான் என்னம்மா பண்ணேன். சும்மா கெடந்துச்சேன்னு..."

"சும்மா கெடந்துச்சா? ஒங்க சீரியலுக்கு என் படிப்புதான் கெடச்சுச்சா?"

போன் நின்றது. நான் காலி என்று சொல்லவே இல்லை. முதலாளியிடம் கேட்டேன், அதுவும் மெதுவாகத்தான். "ஏன் அப்டிச் சொன்னீங்க?"

"யோவ், நீ வாயத் தொறந்தேன்னு வையி, டிஸ்க்கு, கிளாஸு எல்லாம் ஒன் தலையிலதான் விடியும். பேசாம வேலையப் பாரு."

பக்கத்தில் ரியாஸ் என்று ஒருவர் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மணி ஐந்து.

"ஃபார்மேட் ஆனது பெரிய விசயமில்லண்ணே. திருச்சியில எடுத்துக் குடுப்பாங்க. ஆனா மேல புதுசா எதுவும் ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா, ஏறுன எடத்துல இருந்தது போனது போனதுதான். மொதல்ல வயரப் புடுங்கச் சொல்லுங்க."

ஆறரைக்குச் சீரியல் ஏறும். ஏற வைத்தவன் நான். திரும்பச் சொருகச் சொன்னது எங்கள் முதலாளி. பில் புத்தகத்தில் அவர்கள் நம்பர் இருந்தது. அடித்தேன். மணி அடிப்பதற்குள் கட் பண்ணினேன். வயரைப் பிடுங்குங்கள் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் "ஏன்?" என்று கேட்பாளே, அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. இன்னொரு தடவை அடித்தேன். அதையும் கட் பண்ணினேன். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. ஆறரை தாண்டியது. நான் கறம்பக்குடி பஸ் ஏறிவிட்டேன்.

5. ஒரு போன்

மறுநாள் காலையில் கடைக்குப் போகவில்லை. நேராக ஆவூர் போனேன். ஆரோக்கியசாமி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. உள்ளே சகாயமேரி நோட்டை வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். டிஸ்க் பெட்டியில் சொருகியபடி இருந்தது. முதல் வேலையாக அதைப் பிடுங்கினேன். பிறகு சொன்னேன்.

"அழிச்சது நாந்தாம்மா. ஒங்க அப்பா இல்ல."

அவள் எழுந்து வந்தாள். "ஏண்ணே அழுத்துனீங்க? அழிஞ்சுரும்னு ஸ்க்ரீன்லயே எழுதியிருக்குமே."

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதும்மா."

இருபது வருடத்தில் ஒரு வீட்டிலும் நான் சொல்லாத வார்த்தை அது. திருச்சியில் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதையும், புதிதாக எதுவும் ஏறியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து அஞ்சு மணிக்கு."

"ஆறரைக்குத்தானே அது ஓட ஆரம்பிச்சுச்சு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்லண்ணே."

அவள் கத்தியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். கத்தவில்லை. வாசலுக்குப் போனாள். "அப்பா, உள்ள வாங்க. நேத்துலருந்து ஒண்ணுமே சாப்பிடல. வந்து சாப்பிடுங்க."

அவர் வந்தார். என்னைக் கடக்கும்போது, "எத்தன தடவ கேட்டேன் தம்பி ஒங்ககிட்ட" என்றார்.

டிஸ்க்கை நானே திருச்சிக்குக் கொண்டுபோனேன். ஐந்து நாளில் திரும்பி வந்தது. பெரும்பகுதி கிடைத்தது, ஆனால் ஒரு கோப்புக்கும் பெயர் இல்லை. எது வரலாறு, எது கணக்கு என்று தெரியாது. சீரியல் ஏறிய இடத்தில் இருந்த கணக்குப் பாடங்கள் பாதியில் உடைந்து நின்றன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆரம்பத்தைக் கேட்டுப் பெயர் போட்டாள். அதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பரீட்சையில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. எத்தனை மார்க்கில் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி?

6. இப்போது நான் செய்வது

அந்தக் கடையை விட்டுவிட்டேன். தனியாக வேலை பார்க்கிறேன். முதலாளி இன்றும் அதே பெட்டியை, "எந்த டிஸ்க்கா இருந்தாலும் ஆகும்" என்று சொல்லித்தான் விற்கிறார். ஆகும்தான். உள்ளே இருப்பது போகும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நீங்கள் அதைச் சொல்லுங்கள். ரெக்கார்டர் கேட்டு ஒருவர் வந்தால், கடையில் எது தேங்கியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். அவருக்கு எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். டிஸ்க் உள்ளே இருக்கும் பெட்டிக்கு நாலு நாள் ஆகுமென்றால், நாலு நாள் ஆகும் என்று சொல்லுங்கள். பதிவு வேறு பெட்டியில் ஓடாது என்று வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். வீட்டு டிஸ்க்கை நீட்டினால், கொடுக்கிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அதை யார் பயன்படுத்துகிறார்களோ அவரிடம் கேளுங்கள். தப்பு நடந்தால் அந்த நிமிடமே வயரைப் பிடுங்குங்கள், அடுத்த நிமிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். முதலாளி என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்று. திரையில் எழுத்து வந்தால், வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்கிறேன். முதல் வீட்டில் அதைச் சொல்ல எனக்குக் கூசியது. இப்போதும் கூசத்தான் செய்கிறது. மீமிசலில் ஒருவர், "படிக்கத் தெரியாதவன எல்லாம் வேலைக்கு அனுப்புறாய்ங்க" என்று என் காது படவே சொன்னார். சொல்லட்டும். அவர் வாசித்து முடிக்கும் வரை ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் நின்றேன்.

தை மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.