இறந்தகாலத்துக்குத் துணைவினை

எங்கள் குடியிருப்பின் இரும்பு கேட்டில் கீல் விட்டுப்போய் போன வாரம் வெல்டிங் வைத்தார்கள். ஜன்னலைச் சாத்தியும் அந்தக் கருகிய வாசம் உள்ளே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது என்ன வாசமோ, எனக்கு அது பிரெஞ்சு இலக்கண வாசம். சிரிக்காதீர்கள். ஆறு வருஷம் அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு கிரில் பட்டறைக்கு மேலே இருந்த மாடி அறையில்தான் பிரெஞ்சு டியூஷன் எடுத்தேன். கீழே பொறி பறக்கும், மேலே வினைச்சொற்கள்.

நான் பிரான்ஸைப் பார்த்ததில்லை. அதிகபட்சம் பாண்டிச்சேரி, அதுவும் காலையில் போய் சாயங்காலம் திரும்பியது. ஒரு கால்சென்டரில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களிடம் பேச எங்களை எட்டு மாதம் பயிற்சி கொடுத்துத் தயார் செய்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பிரிவையே மூடினார்கள். அதே மாதம் எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றது. அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னம் மாதிரியோ இருக்குமே, அப்படி இருந்தேன். கையில் மிச்சமிருந்தது பிரெஞ்சு. அதை வைத்து டியூஷன் போர்டு மாட்டினேன்.

கீழே பட்டறை வைத்திருந்த ஏழுமலை அண்ணன் போர்டைப் பார்த்துவிட்டு முதல் நாளே கேட்டார். "இன்னா மிஸ், பாரிஸ்னா நம்ம பாரிஸ் கார்னருங்களா?"

"இல்லண்ணா, அது வேற."

"அப்ப பஸ்ஸு போவாது" என்றார், நிஜமான வருத்தத்துடன்.

ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று பள்ளிக்கூடங்களிலேயே சொல்லிவிடுவார்கள். ஆவடியில் தமிழில் சண்டை போட்டுவிட்டு வந்து அம்பத்தூரில் பிரெஞ்சில் கட்டுரை மனப்பாடம் செய்வார்கள். யாருக்கும் அந்த மொழி மேல் ஆசை கிடையாது. எனக்கும் அதில் புகார் கிடையாது.

பவித்ரா அப்படி வந்தவள்தான். பிளஸ் டூ. அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தகடு பிரஸ்ஸிங் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, அம்மா ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். தாத்தா காலத்தில் செம்பரம்பாக்கம் பக்கம் வயல் கூலி வேலை செய்த குடும்பம். அந்த வீட்டில் பிரெஞ்சுப் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட்டு மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான பெண். தாமதமானால் ஃபோன் செய்து "வந்துகினே கீறேன் மிஸ்" என்பாள். வகுப்பில் உட்கார்ந்ததும் அந்த பாஷை மாறிவிடும். பேச்சு குறைவு, ஆனால் காது அபாரம். நான் தப்பாகச் சொன்னால்கூட அச்சு அசலாக அதே தப்போடு சொல்வாள். இவள் பள்ளிப் பரீட்சையோடு நிற்க வேண்டாம், பி-டூ என்று ஒரு பெரிய பரீட்சை இருக்கிறதே, அதையும் எழுதட்டும் என்று நான்தான் சொன்னேன். அதில் வெள்ளைக்காரர் எதிரில் உட்கார்ந்து வாதம் செய்ய வேண்டும். மனப்பாடம் எடுபடாது.

அதற்காக எல்லோரையும் பேசவைக்கத் தொடங்கினேன். குடும்பத்தைப் பற்றி இரண்டு நிமிஷம். இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உண்மை பேச மாட்டார்கள். தெரிந்த வார்த்தைக்குத் தக்கபடி குடும்பத்தை வளைத்துக்கொள்வார்கள். பக்கோடா கடைக்காரர் மகன், வார்த்தை தெரியாததால் அப்பாவை டாக்டர் ஆக்கினான். ஒருத்திக்கு மூன்று பூனைகள், லியோன் நகரத்தில் ஒரு சித்தி. நானும் கண்டுகொள்ள மாட்டேன். எனக்கு வேண்டியது வாக்கியம்.

பவித்ரா எழுந்து அப்பா, அம்மா, வீடு என்று சொல்லிக்கொண்டே வந்து, "எனக்கு ஓர் அண்ணன் இருந்தான்" என்றாள். பிறகு "இல் ஆ மோர்" என்றாள். அவன் செத்துப்போனான் என்று சொல்ல வந்திருக்கிறாள். அதில் தப்பு இருந்தது. பிரெஞ்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல ஒரு துணைவினை போட வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு "வைத்திருக்கிறான்" என்ற பொருளில் ஆ வரும். போனான், வந்தான், பிறந்தான், செத்தான் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் "இருக்கிறான்" என்ற பொருளில் ஏ வரும். செத்துப்போனவனைச் சொல்லத்தான் "இருக்கிறான்" வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சறுக்கும் இடம்.

"ஆ இல்ல, ஏ. இல் ஏ மோர். மறுபடி சொல்லு."

சொன்னாள்.

"இன்னொரு தரம்."

சொன்னாள். பாடம் மனதில் பதியட்டும் என்று, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்றேன். ஆறு பிள்ளைகளும் கோரஸாக, ராகம் போட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இல் ஏ மோர். இல் ஏ மோர். பவித்ராவும் கூடச் சொன்னாள். கீழே கட்டிங் மெஷின் ஓடியதால் சத்தமாகவே சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. பவித்ராவைக் கூட்டிப்போக அவளுடைய அப்பா ரெயின்கோட்டோடு படியில் நின்றார். உள்ளே வரச் சொன்னால் தரை ஈரமாகிவிடும் என்று மறுத்தார்.

"என் பையன் இருந்தா அவன் வந்து பைக்ல இட்டுகினு பூடுவான் மிஸ். அவன் போயி மூணு மாசமாவுது. தண்ணி லாரி. அதான் நானே வர வேண்டியதா கீது."

நான் "அப்படியா" என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். அவர்கள் போன பிறகு கரும்பலகையைத் துடைத்தேன், நாற்காலிகளை அடுக்கினேன், வீட்டுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன். மனதில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது மட்டும் பயமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் அவளைத் தனியாக நிறுத்தி வைத்தேன். "எனக்குத் தெரியாது பவித்ரா. நீ சும்மா சொல்றேன்னு நெனச்சேன். எல்லாரையும் வேற சொல்ல வெச்சுட்டேன்."

"பரவால்ல மிஸ்." பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசினாள். "எங்க ஊட்ல அவன் பேர எடுத்தாலே அம்மா மயக்கம் போட்டு வுழுந்துடுது. ஸ்கூல்ல சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. நீங்க ஆ தப்பு, ஏ-ன்னு சொன்னீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

பிறகு தயங்கி, "இன்னும் கொஞ்சம் சொல்லவா மிஸ்? தப்பு இருந்தா திருத்துங்க" என்றாள்.

அப்படித்தான் அந்த சனிக்கிழமைகள் தொடங்கின. பி-டூவுக்குப் பேச்சுப் பயிற்சி என்று பெயர். மற்ற பிள்ளைகள் போன பிறகு அரை மணி நேரம் அவள் அண்ணன் தினேஷைப் பற்றி பிரெஞ்சில் பேசுவாள், நான் திருத்துவேன். அந்த மொழியில் பொருள்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு. அவனுடைய பைக் பெண்பால் என்றேன். சட்டை பெண்பால், கைக்கடிகாரம் பெண்பால். அவள் குறித்துக்கொள்வாள். இரண்டு பேரும் அழுததில்லை. அந்த மொழியில் எங்கள் இரண்டு பேருக்கும் அழத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் காத்திருந்ததை ஒரு நாள் பத்து நிமிஷம் தடையில்லாமல் சொன்னாள். முடித்ததும் நான், "நாலு தப்புதான்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

பரீட்சைக்கு நானே அவளை நகரத்துக்குள் கூட்டிப்போனேன். பேச்சுத் தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"பிளாஸ்டிக் பை மிஸ். தடை பண்ணணுமா, வேணாமான்னு." சாத்துக்குடி ஜூஸை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "அவனப் பத்திச் சொல்ல எடமே வரல."

பாஸ் செய்தாள். நல்ல மார்க். அவளுடைய அப்பா இனிப்புப் பெட்டியோடு வந்து, இந்தத் தடவையும் படியிலேயே நின்றார். அவர் நீட்டிய சர்டிபிகேட்டை நான் வேகமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் கல்லூரிக்குப் போனாள். நானும் இரண்டு வருஷத்தில் டியூஷனை நிறுத்திவிட்டு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்தேன். பிள்ளைகள் இப்போது ஃபோனிலேயே பிரெஞ்சு படிக்கிறார்கள். தப்பைச் சிவப்பில் காட்டி, பச்சையில் திருத்தி, பாராட்டுக்கு ஒரு மணியும் அடிக்கிறதாம். மேனாம்பேட்டு மாடியை இடித்து நாலு மாடி ஃபிளாட் எழுப்பிவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் பட்டறையை எடுத்துக்கொண்டு எங்கேயோ திருமழிசைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். என் பிரெஞ்சும் போய்க்கொண்டிருக்கிறது. முட்டைகோஸுக்கு என்ன வார்த்தை என்று அன்றைக்கு யோசித்தேன், வரவில்லை.

ஆறு மாதம் முன்பு பூந்தமல்லி பஸ் நிலையத்தில் யாரோ "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். மெட்ரோ தூணுக்குக் கீழே பவித்ரா. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. முதலில் பிரெஞ்சில் மின்னஞ்சல் எழுதும் வேலைதான் கிடைத்ததாம், இப்போது அதை மெஷினே எழுதிவிடுகிறது, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். பஸ் வர நேரமிருந்தது. அம்மாவைக் கேட்டேன், அப்பாவைக் கேட்டேன்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்" என்றாள். "இப்பல்லாம் அவன் மூஞ்சி ஞாபகம் வருது. அவன் சிரிப்பு மட்டும் வரமாட்டேங்குது. அவன் ஃபோனும் அன்னிக்கே நொறுங்கிப்போச்சு. உங்ககிட்ட ஒரு சனிக்கெழம சொன்னேன் இல்ல, அவன் எப்டி சிரிப்பான்னு? இன்னா சொன்னேன் மிஸ்?"

எனக்கு அந்த சனிக்கிழமை நன்றாக நினைவிருந்தது. ஒரே ஒரு தடவை நடந்து முடிந்ததற்கான இறந்தகாலத்தைப் போட்டு "சிரித்தான்" என்றாள். அப்படி இல்லை, வழக்கமாக நடந்ததற்கு வேறு காலம் இருக்கிறது, "சிரிப்பான்" என்று வர வேண்டும் என்றேன். இல் ரியே. திருத்திச் சொன்னாள். அதற்குப் பிறகு "மாதிரி" என்று ஒரு சொல் வந்தது. எதைப் போலச் சிரிப்பான் என்பது அதற்கும் அடுத்த சொல்.

அதை அவள் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அதனால் எனக்கு நினைவில்லை.