சுவாமி அலுமாரிக்குப் பின்னால் இருந்த சூடு

குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்க வேண்டுமென்றால் யன்னல்களை அகலத் திறந்துவிட வேண்டும். இந்த நாட்டில் நான் நம்ப மறுத்த முதல் புத்திமதி இதுதான். காலையில் ஐந்து நிமிடம் ஈரக்காற்றை வெளியே விரட்டிவிட்டு இறுக்கிப் பூட்டினால் அறை மறுபடி சட்டென்று சூடேறிவிடும். நாள் முழுக்க நீக்கலாக விட்டால்தான் நட்டம். இப்போது ஊஸ்டர் என்ற இந்த ஏரிக்கரை நகரத்தில், எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தை நடத்துவதே நான்தான். சவர்க்காரம் போடும்போது சுடுதண்ணீர்க் குழாய் பூட்டியிருக்க வேண்டும் என்பதும் என் சட்டம். ஊரில் சுடுதண்ணீர் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும்தான், மற்றவர்களுக்குக் கிணற்றடி. வீட்டையே சூடாக்க ஒரு சாமான் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

போன மாசியில், பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்ததும் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போவதாக மகள் சொன்னாள். அவள் கலியாணம் முடித்துப் போனபின் அவளுடைய அறையைச் சுவாமியறை ஆக்கியிருந்தோம். அறையைச் சூடாக்கும் ஹைட்சுங்கின் திருகியை ஆகக்கூடிய ஐந்தில் வைத்தும் அந்த அறை சில்லென்றே கிடந்தது. பச்சைப் பிள்ளையை அதற்குள் எப்படிக் கிடத்துவது? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“கரண்ட் ஹீற்றர் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்” என்றார் கணவர்.

“வேண்டாம். கரண்டைக் குடிக்கிற சாமான் இந்த வீட்டுக்குள்ள வராது.”

கட்டடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட்டைக் கூப்பிட்டேன். மேற்குச் சுவரோரம் நின்ற சுவாமி அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தவர், “உங்கள் கடவுளுக்கு நல்ல சூடு. உங்களுக்குத்தான் குளிர்” என்றார். பகிடி பண்ணுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. கடவுள் கிழக்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவர் யோசித்தார். “ஏரி மேற்கில்தானே இருக்கிறது? அதுதான் வடிவு” என்றார்.

அவர் போனபின் நானும் கையை விட்டுப் பார்த்தேன். சுட்டது. யன்னலுக்குக் கீழிருந்த ஹைட்சுங்கை அலுமாரி மறைத்துக்கொண்டு நிற்க, பின்னால் அடைபட்ட சூட்டை அறையின் சூடு என்று நினைத்துத் திருகி தானாகவே பூட்டிக்கொண்டிருக்கிறது. மனிசன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அலுமாரியை எதிர்ச்சுவருக்கு இழுக்கத் தொடங்கினேன். கணவர் தயங்கினார்.

“சுவாமியை மேற்குப் பார்க்க வைக்கிறதோ?”

“ஏன், ஊரில மேற்குப் பார்த்த கோயில் இல்லையோ? அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ.”

திருகியை மூன்றுக்கு இறக்கினேன். பின்னேரத்துக்குள் அறை கணகணப்பாகிவிட்டது. மகள் வந்த அன்று, பேரன் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினான்.

சுவாமி இப்போது யன்னலால் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கும்பிட நிற்கும்போது என் முகம் ஊர் இருக்கும் பக்கம். முதுகில் இந்த நாட்டின் சூடு.