மூன்று முறை தளர்த்திய கயிறு

டாக்டர், நீங்கள் என் தங்கையின் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலு முறை அழைத்து வந்தேன். நாலு முறையும் தூக்க மாத்திரைதான் எழுதினீர்கள்.

தொண்ணூற்றொன்றில் அவளுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர் வடக்குப்பட்டில் நாற்று நட அவளை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கம் போனது. இரண்டு ஆள் சோறு தின்றாள், ஆனாலும் ரவிக்கை தொளதொளத்தது. மார்கழியிலும் வியர்த்தது. சொம்பை வீசி எறிவாள், உடனே அழுவாள். கண் பிதுங்கியது.

"இன்னாடி இப்டி முழிக்கிற? பேய் பூந்துகிச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"உன் வூட்டுக்குப் போனா கஞ்சிகூடக் கெடைக்காதுன்னு பேய்க்குத் தெரியும் அத்தே. அதான் என்னாண்ட வந்துச்சு" என்றாள் தங்கை. அன்று நானும் சிரித்தேன்.

அம்மா மந்திரிக்க அழைத்துப் போனாள். பூசாரி அவள் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். அவிழ்க்கக் கூடாது, இறுகினால் உள்ளே இருக்கும் பேய் திமிறுகிறது என்று அர்த்தம் என்றார். இறுகியது. நான் தளர்த்திக் கட்டினேன். மறுபடி இறுகியது. மூன்று முறை. உடம்பெல்லாம் இளைத்தவளுக்குக் கழுத்து மட்டும் ஏன் பருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சுங்குவார்சத்திரத்தில், இப்போது கம்பெனி ஷிப்ட் பஸ் திரும்பும் முனையில் இருந்த உங்கள் கிளினிக்கில் அவளே சொன்னாள். "மனசுல ஒண்ணும் இல்ல சார். நெஞ்சுதான் படபடன்னு அடிச்சிக்கினே கீது."

நீங்கள் என்னைப் பார்த்து, "கல்யாணம் பண்ணி வைப்பா, சரியாயிடும்" என்றீர்கள். கயிற்றைப் பார்த்தீர்கள். அதற்குக் கீழே பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் காய்ச்சலில் பிதற்றினாள். சென்னைக்குத் தூக்கிப் போனோம். அங்கே நர்ஸ் கயிற்றைக் கத்தரித்தாள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் கழுத்தில் விரல் வைத்தார். "இது தைராய்டு. நடுக்கம், கோவம், எல்லாம் இதாலதான். மனநோய் இல்ல. இத்தினி நாள் யாருமே கழுத்தப் பாக்கலையா?"

அது அவள் காதில் விழுந்தது. "அண்ணா, நான் பைத்தியம் இல்லன்னு ஊர்ல சொல்லிடு" என்றாள். மறுநாள் காலை அவள் நெஞ்சு நின்றுபோனது.

சொன்னேன். யாரும் நம்பவில்லை. பேய் அடித்துச் செத்தவள் என்றுதான் இன்னமும் பேசுகிறார்கள்.

கயிற்றைத் தளர்த்தியவன் நான். அதை ஊர்க் கூட்டத்தில் சொன்னேன், இங்கேயும் எழுதிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கழுத்தை ஏன் தொடவில்லை? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.