சாய்த்துப் போட்ட ஃபியட்

பபன் ஷேலாரைப் போல புஷ் ஏற்றத் தெரிந்தவன் புனேயில் எங்கள் சந்தில் எவனும் இல்லை. அவன் ஏற்றிய புஷ் ஒரு மழைக்காலம் தாண்டியதும் இல்லை. இது என்ன கூத்து என்கிறீர்களா? சொல்கிறேன். நான் பக்கத்து டயர் கடைக்காரன், சந்தில் எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடுவார்கள். என் வாய் கொஞ்சம் மோசம்.

புஷ் என்பது காரின் பட்டை ஸ்பிரிங் நுனியில் இருக்கும் ஓட்டைக்குள், அதைக் கண் என்போம், இறுக்கமாக உட்காரும் ரப்பர். வெளியே இரும்பு வளையம், நடுவில் குழாய். மற்றவர்கள் சுத்தியால் அடித்துத் திணிப்பார்கள். பபன் சுத்தியைத் தொடவே மாட்டான். நீளமான மரையாணியைக் கண்ணுக்குள் விட்டு, இரண்டு பக்கமும் குழாய்த் துண்டு கொடுத்து, நட்டைத் திருகித் திருகியே உள்ளே இழுப்பான். வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழும். ரப்பரில் ஒரு கீறல் இருக்காது.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் அந்தப் பட்டறையை முன்பு அவனும் அவன் அண்ணன் கிசனும் சேர்ந்து நடத்தினார்கள். ஒருநாள் செங்கல் அடுக்கின்மேல் நின்ற காருக்கு அடியில் கிசன் படுத்திருந்தான். துருவேறிய புஷ்ஷை வெளியே தள்ள பபன் சுத்தியை ஓங்கி அடித்தான். செங்கல் நொறுங்கியது. சந்தே கூடி காரைத் தூக்கினோம். என்ன பிரயோஜனம், போய்விட்டான் பாவி.

அதன்பிறகு பபன் சுத்தியைத் தொட்டதில்லை, எந்தக் காருக்கு அடியிலும் போனதில்லை, யாரையும் விட்டதுமில்லை. என் பழைய டயர்களைப் பரப்பி, என்ஜின் கழற்றிய வண்டியை அதன்மேல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு, நின்றபடியே புஷ்ஷின் நடுக்குழாயில் போகும் போல்ட் வரை இறுக்கி முடித்துவிடுவான். தப்பு அங்கேதான். வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் அந்த போல்ட்டை இறுக்க வேண்டும். சாய்த்துப் போட்டு இறுக்கினால், நிமிர்த்தியதும் எடையில் ஸ்பிரிங் படியும், உள்ளே ரப்பர் முறுக்கியே கிடந்து கிழியும். எனக்கே தெரிந்த விஷயம் அவனுக்குத் தெரியாதா?

வக்கீல் கேல்கரின் ‘டுக்கர்’ ஃபியட், பன்றி மாதிரி உருண்ட பழைய மாடல், இரண்டு முறை புஷ் கிழிந்து வந்தது. அடுத்த முறை அவர் நடுச்சந்தில் கத்தினார்.

“யோவ் பபன், இது காரா, கட்டை வண்டியா? இன்னொரு தடவை கீச்சுன்னு சத்தம் வந்துச்சு, என் சிநேகிதங்க வண்டியெல்லாம் சேர்த்து வேற பட்டறைக்குப் போயிரும், பார்த்துக்க!”

அந்த வண்டிகள் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். அதை நம்பித்தான் கிசனின் மனைவி ஷேவந்தா இரண்டு பெண்களை வளர்க்கிறாள்.

பபன் புதிய புஷ் ஏற்றினான். போல்ட்டை இறுக்காமல் விட்டு, வண்டியை நிமிர்த்தி என்ஜினையும் மற்றதையும் மாட்டினான். சக்கரங்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை நானே வைத்துக் கொடுத்தேன். அடியில் போய் அந்த போல்ட்டை இறுக்குவதுதான் பாக்கி. ஸ்பேனரும் கையுமாக நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“தள்ளுடா, நான் போறேன்” என்றேன்.

“வேணாம் நானா! யாரும் உள்ள போகக் கூடாது!”

“அப்போ சாய்ச்சுப் போட்டே சாவு!” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மதியம் ஷேவந்தா தூக்கில் பாக்ரி ரொட்டி கொண்டு வந்தாள். அவனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். தூக்கை வைத்தாள், புடவையை வரிந்து கட்டினாள், ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

“எந்தப் பக்கம் திருகணும் தம்பி?”

“ஐயோ அண்ணி! வெளிய வாங்க! உங்க கால்ல விழுறேன்!”

“கால் வெளியதானே இருக்கு, விழு.”

அவன் அந்தக் காலைப் பிடித்துத்தான் இழுத்தான். கிரீஸ் முகத்தோடு எழுந்து உட்கார்ந்தாள்.

“பொண்ணுங்களுக்குச் சோறு வேணும். நீ போறியா, நான் போகவா?”

பபன் மல்லாந்து படுத்து உள்ளே போனான். அவள் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனர் சத்தம் கேட்டது, இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். அப்புறம் நின்றுவிட்டது. ஆள் வரவில்லை.

“முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சுது.” ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. “அடிக்காதடான்னு அண்ணன் உள்ளயிருந்து கத்தினான் அண்ணி. இன்னும் ஒரே அடின்னு நான்தான்...”

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கை அவன் காலை விட்டது. முந்தானையால் முகத்து கிரீஸைத் துடைத்தாள். பிறகு மறுபடி அந்தக் கணுக்காலைப் பிடித்தாள்.

“அவருதான் வரல. நீயாவது வெளிய வா.”