மாமனார் சீட்டுக்கு அடியில் ஒரு சப்வூஃபர்

நான் ஓட்டுவது ஒரு சின்ன பிக்கப் வண்டி. கடற்கரைப் பக்கத்து விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் காலையில் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வந்து, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கூடத்தில் துவைத்துத் தேய்த்து, மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு ஐந்து மணி நேரமாவது ஸ்டியரிங் பிடித்தாக வேண்டிய தொழில். வீட்டுக்காரர் பிரான்சில் வேலையாக இருக்கிறார். எனவே வண்டியில் எனக்குத் துணை பாட்டுதான். ஆனால் வண்டியோடு வந்த ஸ்பீக்கரில் கேட்டால், பாடுகிறவர் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு உதவிக்குக் கூப்பிடுவது போலிருக்கும்.

ஒருநாள் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற காரிலிருந்து ஒரு அடி கேட்டது. காதில் இல்லை, அடிவயிற்றில். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை நான் நகரவில்லை. அன்று மதியமே கார் ஆடியோ கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கேபினுக்குள் தலையை விட்டார். இரண்டே சீட். சீட்டின் முதுகு பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கைகூட நுழையாது. என் சீட்டுக்கு அடியில் ஜாக்கியும் ஸ்பேனரும்.

"அக்கா, இது வண்டி இல்ல, தீப்பெட்டி. பெரிய பொட்டி வச்சா நீங்க வெளிய நின்னுதான் ஓட்டணும்" என்றார். பிறகு இடது சீட்டுக்கு அடியில் அளந்தார். முகம் மலர்ந்தது. "இங்க எடம் இருக்கு. தட்டையா ஒரு சப்வூஃபர் வருது, அடி சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கரு, ஆம்ப்ளிஃபயரும் அதுக்குள்ளயே இருக்கும். பலகாரத் தட்டு மாதிரி அப்டியே உள்ள தள்ளிடலாம். ஆமா, இந்த சீட்ல யாரு ஒக்காருவாங்க?"

"எங்க மாமனாரு."

"பாட்டு கேப்பாரா?"

"பாட்டுன்னாலே ஆவாது."

"அப்ப மொதல்ல அவருக்குத்தான்கா கேக்கும். கீழ இருந்து."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்போமே, அந்த வகை. இடது காது பீரங்கியோடு போய்விட்டது. வலது காதுக்கு மெஷின். வண்டியின் இரைச்சலில் அந்த மெஷின் விசிலடிப்பதால், ஏறியதும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதற்கு முன்னால் என் பாட்டு கொஞ்சம் கேட்டுவிட்டால் போதும், "ப்ரூய், ப்ரூய்" என்று கையை ஆட்டுவார். பிரெஞ்சில் இரைச்சல் என்று அர்த்தம். காது மெஷின் பைக்குள் போன பிறகு அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று தீர்மானித்து, "மாட்டுங்க" என்றேன்.

தினமும் காலையில் அவரைக் கடற்கரைப் பக்கம் மைதானத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் விடுதிகளுக்குப் போவேன். அங்கே அவரும் அவர் வயதுக்காரர்களும் பெத்தாங் விளையாடுவார்கள். இரும்புக் குண்டை வீசி, தூரத்தில் கிடக்கும் ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் விழவைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் அங்கே நடக்கும் சண்டையைப் பார்த்தால் நாட்டு எல்லைத் தகராறு என்று நினைப்பீர்கள்.

முதல் நாள் அவர் மெஷினைப் பையில் போட்டதும் நான் ஒரு கல்யாண வீட்டுப் பாட்டைப் போட்டேன். ஆகா! ஸ்டியரிங்கே அதிர்ந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் மாமனார் இருக்கையின் இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா இது? கீழ இருந்து யாரோ தட்றாங்க!"

பாட்டை நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயோ அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"உங்க இடுப்பு வலிக்குத்தான் மாமா!" என்று அவர் வலது காதில் கத்தினேன். "மசாஜ் மெஷினு! சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்!"

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எம் புள்ளைக்குக்கூட இது தோணலியே" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பாட்டு நன்றாக இருந்தது.

ஒரே வாரத்தில் மைதானம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மருமகள் வண்டியில் மசாஜ் சீட்! ஆட்டம் முடிகிற நேரத்துக்கு அழுக்கு மூட்டைகளோடு நான் திரும்பிப் போனால், இரண்டு பேர் வேலியோரம் தயாராக நிற்பார்கள். இருப்பது ஒரே சீட், அதனால் ஒவ்வொருவராக ஏற்றி ஒரு சுற்று. மாமனார் வெளியே நின்று வரிசையை ஒழுங்குபடுத்துவார். இவர்களுக்கெல்லாம் காது கேட்கும் என்பதால், கதவு ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு அடியில் இருப்பதை மட்டும் ஓடவிடுவேன். டும் டும் என்று மெஷின் சத்தம் மாதிரியே இருக்கும். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தியம் கைவந்தது. முதுகுக்கு நிதானமான மெலடி. முட்டிக்குக் கானா. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "நேத்து போட்ட ஸ்பீடு வேணாம்மா, பழைய ஸ்பீடு வையி" என்று கேட்பார். நானும் பழைய பாட்டாகப் பார்த்து வைப்பேன்.

மாட்டிக்கொண்டது ஒரு அம்மாவிடம். மைதானத்தில் என் மாமனாரை எப்போதும் தோற்கடிக்கிற பிரெஞ்சு வாத்தியாரின் மனைவி அவர், ஓய்வுபெற்ற நர்ஸ். முட்டிவலி என்று ஏறி உட்கார்ந்தார். கானாவை விட்டேன். சீட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். பிறகு விரலால் தொடையில் தாளம் போட்டார். அப்புறம், சரியான இடத்தில் எடுத்து, பல்லவியைப் பாடவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது.

"எங்க பேத்தி கல்யாணத்துல இதுக்குத்தாண்டி ஆடினேன்" என்றார். "எத்தினி நாளா நடக்குது இந்த வைத்தியம்?"

"அம்மா, தயவு செஞ்சு யாருகிட்டயும்…"

"நான் ஏன் சொல்றேன்? கதவு ஸ்பீக்கரையும் போடு. அந்தோணியார் கோயில் வரைக்கும் போயிட்டுத் திரும்பு."

அத்தோடு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த மாதம் மாமனாரை இடுப்புக்காகக் கோரிமேடு பக்கத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலி பாதி குறைந்துவிட்டது என்று மாமனார் பெருமையாகச் சொல்ல, டாக்டர் எப்படி என்று கேட்க, இவர் விவரிக்க, டாக்டர் பேனாவை எடுத்து மாடல் என்ன என்று என்னைக் கேட்டார். மற்ற நோயாளிகளுக்கும் சொல்லலாமே என்றார்.

மாமனார் காதில் மெஷின் இருந்தது. அறை அமைதியாக இருந்தது. எனக்கு மாடல் நம்பர் தெரியும், ஆனால் அதை எழுதிக்கொண்டு எத்தனை பேர் ஆடியோ கடைக்குப் போவார்களோ என்று நினைத்ததும் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது.

"சார், அது சப்வூஃபர்."

டாக்டர் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தார். பிறகு, "தினமும் மைதானத்துல நடக்கறீங்களே, அதான் வலிய கொறச்சிருக்கும். நடக்கறத விடாதீங்க" என்று மாமனாரிடம் சொல்லி அனுப்பினார். மாமனார் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியும் காது மெஷினைக் கழற்றவில்லை. பாதி தூரம் வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவதா, இல்லை வண்டியிலேயே குடியிருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"போடு" என்றார் திடீரென்று.

போட்டேன். முகத்தைச் சுளித்தார். "ப்ரூய்" என்றார், நிறுத்தினேன். பிறகு மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, "இப்ப போடு" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அடுத்த பேச்சு. "அவனுங்களுக்குத் தெரிய வேணாம். மைதானத்துல எனக்குன்னு ஒரு மருவாதி இருக்கு."

இத்தனை நேர்மையான மனிதர் இவ்வளவு சீக்கிரம் என் பக்கம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் வாத்தியாரோடு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது. முந்தின நாள் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார், அதாவது தெருமுனைக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

"நாளைக்கு வாத்தியாரை நீதான் வீட்டுலருந்து ஏத்திக்கினு வர்ற. நான் ஆட்டோல போயிடறேன். இருக்கறதுலயே மோசமா உதறுமே, அந்தப் பாட்ட வையி. கை நடுங்கணும் அவனுக்கு."

"மாமா, பாவம் இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம்."

மறுநாள் வாத்தியார் வெள்ளைச் சட்டையில் குண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். வால்யூம் நாபைக் கடைசிவரை திருகினேன். பக்கக் கண்ணாடியில் தெரு இரண்டாகத் தெரிந்தது. டாஷ்போர்டில் இருந்த மாதா சிலை மெல்ல மெல்ல நகர்ந்து மூலைக்குப் போய்விட்டது. வாத்தியார் அசையவில்லை. மைதானம் வந்ததும் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ரெண்டாவது பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். "எங்க வீட்டம்மா எல்லாம் சொல்லிட்டா. உங்க மாமனாருக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்க. பாவம், மசாஜ்னு நம்பிக்கிட்டிருக்காரு மனுஷன்."

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு வாத்தியார் வீசியது போல் அந்த மைதானத்தில் யாரும் வீசிப் பார்த்ததில்லை என்று தபால்காரர் சொன்னார். ஒரு குண்டு மரக்குண்டைத் தொட்டுக்கொண்டே நின்றதாம்.

திரும்பும்போது மாமனார் கதவை ஓங்கிச் சாத்தினார். "சரியா வச்சியா நீ?"

"கடைசி வரைக்கும் வச்சேன் மாமா."

"அப்புறம் எப்பிடி ஜெயிச்சான்?"

நான் கியரை மாற்றினேன். "அவருக்கு உடம்புக்கு ஒத்துக்கிச்சு போல மாமா" என்று அவர் வலது காதில் கத்தினேன்.